உங்களுக்குத் தெரியுமா? உடம்போடு ஒட்டிக்கொண்ட கருவிகள்

● ரப்பரால் செய்த ஒரு கையை உங்கள் சொந்தக் கை என்று உங்கள் மூளையை நம்பவைக்க முடியும். 1998-இல் மேத்யூ போட்வினிக், ஜோனதன் கோஹன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் செய்து காட்டினார்கள். மேசைமேல் வைத்த கையை ஒரு தட்டியால் மறைத்துவிட்டு, அந்த ஆளின் கண்ணெதிரே ரப்பர் கை ஒன்றை வைத்தார்கள். மறைந்திருந்த கையையும் ரப்பர் கையையும் ஒரே நேரத்தில் இரண்டு சிறு தூரிகைகளால் வருடினார்கள். சற்று நேரத்தில், தூரிகை ரப்பர் கைமேல் படுவதையே தாம் உணர்வதாக அவர்களுக்குத் தோன்றத் தொடங்கியது. கண்ணை மூடிக்கொண்டு தங்கள் கை இருக்கும் இடத்தைக் காட்டச் சொன்னபோது, ரப்பர் கை கிடந்த பக்கமாகத் தள்ளிக் காட்டினார்கள்.

● அந்த மயக்கத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு தூரிகைகளும் ஒரே கணத்தில் பட வேண்டும். தொடுவதற்கும் பார்ப்பதற்கும் இடையே ஏறக்குறைய ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு தாமதம் வந்தாலே மயக்கம் வலுவிழக்கிறது என்று ஜப்பானில் பின்னர் செய்த ஆய்வு சொல்கிறது. கைப்பேசித் திரை விரலோடு சேர்ந்து நகரும்போது அது நம்முடையதாக இருக்கிறது. தடுமாறி, தாமதித்து நகரும்போது திடீரென்று அந்நியப் பொருளாகிவிடுகிறது. வேகம் குறைந்த கைப்பேசியின்மேல் நமக்கு வரும் கோபத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

● பேராக்கின் அரச நகரான கோலகங்சாரில் ஒரு ரப்பர் மரம் வேலி கட்டிப் பாதுகாக்கப்படுகிறது. 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து லண்டனுக்குக் கொண்டுபோன விதைகளின் வழிவந்த கன்றுகளில் 22, 1877-இல் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் ஒன்பது கோலகங்சாரில், பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோவின் தோட்டத்தில் நடப்பட்டன. அந்த ஒன்பதில் இன்று எஞ்சி நிற்பது இந்த ஒரு மரம்தான். இதன் வகையறா மலாயா முழுக்கப் பரவியது. நம் முன்னோர் கப்பலேறி வந்ததும் அதன் பின்னால்தான்.

● பால்மரம் வெட்டுவதில் கைக்கு இருந்த கணக்கு என்ன தெரியுமா? பால் ஓடும் நுண்குழாய்கள் பட்டையின் உட்பகுதியில், வளர்திசுவை ஒட்டித்தான் அடர்ந்திருக்கின்றன. புதுப் பட்டையை உண்டாக்குவது அந்த மெல்லிய அடுக்கு. கத்தி மேலோடு போனால் பால் குறையும். வளர்திசுவைத் தொட்டுவிட்டால் மரம் காயப்பட்டு முண்டு விழும். சில ஆண்டு கழித்து மறுபட்டை வெட்ட வரும்போது அந்த இடம் உதவாது. வெட்டுக்கும் வளர்திசுவுக்கும் நடுவில் விட்டுவைக்க வேண்டிய பட்டையின் கனம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். ஒரு வெட்டுக்குச் சீவி எடுப்பது ஒன்றரை மில்லிமீட்டர் அளவு. கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து, சுமார் 30 பாகை சாய்ந்து வர வேண்டும். பால்குழாய்கள் மரத்தைச் சுற்றி எதிர்ச்சாய்வில் ஏறுவதால், இப்படி வெட்டினால்தான் கூடுதலான குழாய்கள் அறுபடும்.

இவ்வளவையும் விடிவதற்கு முன்னால், நெற்றியில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில் செய்தார்கள். வெயில் ஏறுவதற்கு முன்புதான் குழாய்களுக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக இறங்கும். காலை வருகைப் பதிவான பெரட்டுக்குப் பேர் கொடுத்துவிட்டு நிரைக்குள் நுழைந்தால் ஒரு ஆளுக்கு ஏறக்குறைய ஐந்நூறு மரம். ஒட்டுப்பாலை உரித்து, கோடு சீவி, பால் பிடிக்கும் மங்கைச் சரிசெய்துவிட்டு அடுத்த மரத்துக்கு நகர வேண்டும். அளவுகோல் கிடையாது. கத்தி பட்டையில் இழுபடும் விதமே ஆழத்தைச் சொல்லியது. வெட்டுக்காரரின் கவனம் கைப்பிடியில் இருக்கவில்லை, கத்தியின் வாயில் இருந்தது. ஒரு கருவி உடம்பாகிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேறில்லை. இந்தத் திறனுக்கு எந்தப் பள்ளியும் சான்றிதழ் கொடுத்ததில்லை. கணக்கில் 'தொழிலாளி' என்று ஒரே சொல்லில் எழுதி முடித்துவிட்டார்கள். அது பெரிய அநியாயம்.

● வளர்திசுவைக் காயப்படுத்தாமல், அதே வெட்டை நாள்விட்டு நாள் திறந்து பால் எடுக்கும் முறையை 1890-களில் வகுத்துக் கொடுத்தவர் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஹென்றி ரிட்லி. அதற்கு முன் பிரேசில் காடுகளில் கோடரியால் கொத்தித்தான் பால் எடுத்தார்கள். ரிட்லி முறையை எழுதினார். ஆனால் அதை மில்லிமீட்டர் பிசகாமல் கோடிக்கணக்கான மரங்களில் நடத்திக் காட்டியவை பெரும்பாலும் தமிழ்க் கைகள்.

● குரங்கின் கையில் ஒரு சிறு வாரியைக் கொடுத்தார்கள். எட்டாத தூரத்தில் இருந்த தீனியை அது வாரி இழுக்கக் கற்றுக்கொண்டது. 1996-இல் ஜப்பானில் அட்சுஷி இரிக்கியின் குழு அந்தக் குரங்கின் மூளையைப் பதிவு செய்தது. கையின் தொடு உணர்வுக்கும் கையருகே கண்ணில் படுவதற்கும் சேர்ந்து துடிக்கும் நரம்பணுக்கள் மூளையின் பக்கவாட்டுப் பகுதியில் உண்டு. வாரியைப் பயன்படுத்திய சில நிமிடங்களில், அந்த அணுக்கள் வாரியின் முழு நீளத்துக்கும் தங்கள் எல்லையை விரித்துக்கொண்டன. வாரி கையாகிவிட்டது.

● அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. குரங்கு வாரியைச் சும்மா பிடித்துக்கொண்டிருந்தபோது அந்த எல்லை விரியவில்லை. வேலை செய்ததால்தான் விரிந்தது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இது தேவைப்படும்.

● ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு கருவியும் மாறியது. 1980-களின் இறுதிவரை இயற்கை ரப்பர் உற்பத்தியில் உலகில் முதலிடம் மலேசியாவுக்குத்தான். பிறகு தாய்லாந்து முந்தியது. தோட்டங்கள் ஒவ்வொன்றாகச் செம்பனைக்கு மாறின, அல்லது வீடமைப்புத் திட்டங்களாயின. உயர்ந்த செம்பனையில் குலை அறுப்பவர், பல மீட்டர் நீளமுள்ள கம்பத்தின் உச்சியில் கட்டிய வளைந்த அரிவாளைக் கீழிருந்தபடியே காம்பில் மாட்டி இழுக்கிறார். கண்ணுக்கு அங்கே மட்டைகள்தான் தெரியும். அரிவாள் சரியாக மாட்டியதா என்பதைக் கைதான் அறியும்.

2018-இல் பிரான்சின் லியோன் நகரில் லூக் மில்லரும் உடன் ஆய்வாளர்களும் இதன் அடிப்படையைச் சோதித்தார்கள். ஆளின் கண்ணில் படாதபடி, அவர் பிடித்திருந்த கழியில் ஏதோ ஓரிடத்தில் ஒரு தட்டு. 'எந்த இடத்தில் பட்டது?' என்று கேட்டால் வியக்கும் துல்லியத்தோடு சொன்னார்கள். கழியின் ஒவ்வோரிடத்தில் படும் தட்டும் வெவ்வேறு அதிர்வாகக் கைக்கு வந்து சேர்கிறது. தோலில் பட்ட தொடுகையைப் படிப்பதுபோலவே மூளை அதையும் படித்துவிடுகிறது.

● பார்வையற்றவரின் வெண்கோலும் இதே வகைதான். பழகியவர் கோலைப் பிடித்ததும், உடலைச் சுற்றி அவருக்குத் 'தம் பக்கம்' என்று தோன்றும் வெளி கோலின் நுனிவரை நீள்கிறது என்று 2007-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

● அதே இத்தாலியக் குழுவினர் 2010-இல் கணினிச் சுட்டியைச் சோதித்தார்கள். சுட்டியைத் தினமும் பயன்படுத்துகிறவர்களுக்கு அது கையில் இருக்கும்போது, திரையின் அருகே உள்ள இடம் கையருகே உள்ள இடம்போல மூளைக்குப் படுகிறது. சுட்டிக்கும் திரைக்கும் இடையே கம்போ கழியோ இல்லை. நடுவில் வெறும் மேசை. இருந்தும் மூளை தூரத்தைத் தாண்டிவிடுகிறது. பழக்கப்பட்ட கையில் சுட்டியை வெறுமனே வைத்திருந்தாலே போதும், இந்த மாற்றம் நிகழ்கிறது. குரங்குக்குப் போதாதது இவர்களுக்கு எப்படிப் போதுமானது? பல ஆண்டு வேலை ஏற்கெனவே அந்தக் கையில் சேர்ந்திருக்கிறது.

● 4,500 டன் எடையுள்ள ஓர் இயந்திரத்தையும் மனிதன் தன் கையாக்கிக்கொள்ள முடியும். பத்துகாஜாவுக்குப் பக்கத்தில் தஞ்சோங் துவாலாங்கில் நிற்கும் ஐந்தாம் எண் ஈயத் தூர்வாரிக் கப்பலைப் பார்த்திருக்கிறீர்களா? 1938-இல் கட்டப்பட்டு 1982 வரை ஓடியது. கிந்தா பள்ளத்தாக்கின் சேற்று நீருக்கடியில் வாளிச் சங்கிலி மண்ணை வாரிக்கொண்டு வரும். மேலே நின்று நெம்புகோல்களை இயக்கியவருக்கு வாளிகள் தோண்டுமிடம் கண்ணில் படாது. இரைச்சலும் அதிர்வும்தான் அவருக்குக் கிடைத்த செய்தி. இப்போது அது காட்சியகம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம்.

● 1911-இல் ஹென்றி ஹெட், கார்டன் ஹோம்ஸ் என்ற இரண்டு ஆங்கில மருத்துவர்கள், உடலைப் பற்றி மூளை வைத்திருக்கும் வரைபடத்தைப் பற்றி எழுதினார்கள். இறகு செருகிய தொப்பி அணிந்த பெண்ணின் இட உணர்வு அந்த இறகின் நுனிவரை போகிறது என்பது அவர்கள் கொடுத்த உதாரணம். அதற்கு ஈப்போவில் நம் கண்முன்னே சாட்சி இருக்கிறது. தைப்பூசத்தன்று புந்தோங்கிலிருந்து குனோங் சீரோ கல்லுமலைக் கோயிலுக்குக் காவடி எடுத்து வருகிறவரைக் கவனியுங்கள். தோளுக்கு இருபுறமும் விரிந்த காவடியோடு கூட்டத்துக்குள் சுழன்று ஆடுகிறார். பக்கத்தில் நிற்பவர்மேல் உரசாமல் திரும்புகிறார். காவடியின் ஓரம் எங்கே இருக்கிறது என்பதை அவர் திரும்பிப் பார்த்து அளப்பதில்லை.

● வேகமாகத் தட்டச்சு செய்கிறவர்களுக்கு எழுத்துகள் எங்கே இருக்கின்றன என்பது முழுதாகத் தெரியாது! 2014-இல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில், நிமிடத்துக்குச் சராசரி 72 சொற்கள் அடிக்கும் ஆட்களிடம் வெற்று விசைப்பலகைப் படத்தைக் கொடுத்து ஆங்கில எழுத்துகளை நிரப்பச் சொன்னார்கள். 26 எழுத்துகளில் சராசரியாக 15 எழுத்துகளைத்தான் சரியான இடத்தில் எழுத முடிந்தது. பிரெஞ்சு மெய்யியலாளர் மெர்லோ-போன்டி 1945-லேயே இதைச் சொல்லியிருந்தார்: தட்டச்சு தெரிந்தவரின் அறிவு அவர் கையில் இருக்கிறது, கை வேலை செய்யும்போது மட்டும் வெளிப்படுகிறது.

● தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு வழிவகுத்த ஆர். முத்தையா, யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்கு வேலைக்கு வந்தவர். 247 எழுத்துகளை நாற்பத்துச் சொச்சம் விசைகளுக்குள் அடக்க வேண்டியிருந்தது. அதற்கு நகரா விசைகள் கைகொடுத்தன. புள்ளியை அடித்தால் காகிதம் நகராது, அடுத்து அடிக்கும் எழுத்து அதன் கீழே போய் உட்காரும். எழுதும்போது எழுத்துக்குப் பின் வைக்கிற புள்ளியைத் தட்டச்சில் முன்னால் வைக்க வேண்டும். கைகள் இந்தத் தலைகீழ் ஒழுங்கைக் கற்றுக்கொண்டன. எவ்வளவு ஆழமாகக் கற்றுக்கொண்டன என்றால், கணினி வந்து அந்தக் கட்டாயம் நீங்கிய பிறகும், தமிழ் மென்பொருள்கள் பழைய தட்டச்சு விசைமுறையை விடாமல் வைத்திருக்க வேண்டியிருந்தது. இயந்திரம் ஓய்ந்து பல ஆண்டாகியும் அதன் அமைப்பு விரல்களில் மிச்சம் இருந்தது.

● தமிழ்க் கணிமையில் மலேசியாவின் பங்கு நம்மவர் பலர் அறிந்ததைவிடப் பெரியது. மலேசியரான முத்து நெடுமாறன் 1980-களின் நடுவிலேயே முரசு மென்பொருளைத் தொடங்கினார். 2005 பொங்கலன்று கைப்பேசிக்கான செல்லினம் வெளிவந்தது. எண் பொத்தான்கள் மட்டும் கொண்ட கைப்பேசியில் கட்டைவிரலால் தமிழ்க் குறுஞ்செய்தி அனுப்பலாம் என்பது அன்றைக்குப் புதுமை.

இதோடு 1999-ஐயும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி வந்ததுதான் தமிழ்99 விசைமுறை. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். தமிழ்ச் சொல்லில் மெய்யும் உயிரும் மாறி மாறி வருவதால் கைகளும் மாறி மாறி வேலை செய்யும். 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என்ற நான்கு தட்டல் போதும். ஒரே மெய் இரண்டுமுறை வந்தால் முதல் மெய்க்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். அதாவது இலக்கணம் விசைப்பலகைக்குள் இருக்கிறது.

ஆங்கில எழுத்தை அடித்துத் தமிழாக மாற்றும் வழியைத்தான் நம்மில் பெரும்பாலோர் பிடித்துக்கொண்டோம். அது எளிது, மறுக்கவில்லை. ஆனால் விரல் ஒவ்வொரு முறையும் ஆங்கிலத்தின் வாசல் வழியாகச் சுற்றி வருகிறது. கருவி உடம்பாக வேண்டுமென்றால் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பு இருக்கக் கூடாது. தமிழ்ப்பள்ளிகளில் முதல் கணினி வகுப்பிலேயே தமிழ்99 சொல்லிக்கொடுத்தால், பிள்ளைகளின் விரல்கள் தமிழிலேயே யோசிக்கப் பழகும். இதைப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கேட்கலாம். ஐபோனில் இந்த விசைமுறை ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, ஆண்டிராய்டில் செல்லினத்தை இறக்கிக்கொண்டால் போதும்.

● வயலின் வாசிப்பவர்களின் இடக்கை விரல்களுக்கு மூளையில் கூடுதல் இடம் இருப்பதை 1995-இல் கண்டார்கள். சிறுவயதில் தொடங்கியவர்களுக்கு அது இன்னும் அதிகம். கட்டைவிரலுக்கும் இப்போது அந்த மரியாதை கிடைத்திருக்கிறது. 2015-இல் சுவிட்சர்லாந்தில் ஆர்கோ கோஷும் உடன் ஆய்வாளர்களும் தொடுதிரைக் கைப்பேசி வைத்திருப்பவர்களையும் பழைய பொத்தான் கைப்பேசி வைத்திருப்பவர்களையும் ஒப்பிட்டார்கள். தொடுதிரைக்காரர்களின் கட்டைவிரலைத் தொட்டால் மூளையில் எழும் அலை பெரியதாக இருந்தது. அதைத் தீர்மானித்தது எத்தனை ஆண்டு பழக்கம் என்பதைவிட, கடந்த சில நாளில் எவ்வளவு பயன்படுத்தினார்கள் என்பதுதான். மூளை நம் கையை நாள்தோறும் திருத்தி வரைந்துகொண்டிருக்கிறது.

● தொடுதிரையைத் தொடும்போது உங்கள் விரல் உண்மையிலேயே மின்சுற்றின் ஒரு பகுதியாகிறது. திரையில் பரவியிருக்கும் மின்புலத்தை, மின்சாரம் கடத்தும் உங்கள் உடல் சற்றே மாற்றுகிறது. அந்த மாற்றத்தைத்தான் கைப்பேசி 'தொடுகை' என்று படிக்கிறது. தடித்த ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு தொட்டால் பலன் இல்லை, விரலின் பாதிப்பு மின்புலத்தை எட்டாது. இந்த வகைத் திரையை முதலில் விவரித்தவர் இங்கிலாந்தின் ரேடார் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஈ. ஏ. ஜான்சன், ஆண்டு 1965.

● உலகத்தின் முதல் கடலடித் தந்திக் கம்பிகளுக்குத் தோலாக இருந்ததும் மலாய்க் காட்டு மரத்தின் பால்தான். பேராக் காடுகளிலும் வளர்ந்த தாபான் மரத்திலிருந்து எடுத்த பாலுக்குக் கட்டாபெர்ச்சா என்று பெயர். கடல்நீர் அதை அரிக்காது, மின்சாரம் அதைத் தாண்டாது. 1866-இல் நிலைத்து நின்ற அட்லாண்டிக் கம்பிக்கும் அதுவே உறை. கண்டம் விட்டுக் கண்டம் தந்திச் செய்தி எட்டுவதற்காக இங்கே காடு காடாக அந்த மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். தொலைத்தொடர்பின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த இழப்பையும் சேர்த்து எழுத வேண்டும்.

● ஈப்போவுக்கு அருகில் உள்ள சின்ன ஈய நகரம் பப்பான். ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் அங்கே 74-ஆம் எண் வீட்டில் ஒரு வானொலிப் பெட்டி ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. அதற்கு 'ஜோசஃபின்' என்று பெயர் வைத்திருந்தார் அங்கே வாழ்ந்த செவிலியர் சிபில் கார்த்திகேசு. கணவர் டாக்டர் கார்த்திகேசு இலங்கைத் தமிழர். பிபிசி கேட்டதாகத் தெரிந்தால் உயிருக்கே ஆபத்து. கேட்டார், கேட்டதைப் பகிர்ந்தார், ஜப்பானியரை எதிர்த்துக் காயம்பட்ட போராளிகளுக்கு மருத்துவமும் செய்தார். 1943-இல் பிடிபட்டுக் கொடிய சித்திரவதைக்கு ஆளானார். பின்னர் ஜார்ஜ் பதக்கம் பெற்றார். 1948-இல் அந்தச் சித்திரவதையின் விளைவாகவே இறந்தார். ஊடகங்கள் மனிதப் புலன்களின் நீட்சி என்று மார்ஷல் மெக்லூகன் 1964-இல் புத்தகம் எழுதினார். ஓர் ஊரின் காது லண்டன்வரை நீண்டிருந்ததையும், அதற்கு ஒரு பெண் தன் உடம்பையே விலையாகக் கொடுத்ததையும் பேராக் அதற்கு முன்பே பார்த்துவிட்டது.

● கைப்பேசி அதிர்ந்ததுபோல் இருந்து, எடுத்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லாத அனுபவம் உங்களுக்கு உண்டா? 2010-இல் அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் ஊழியர்கள் 169 பேரிடம் கேட்டபோது 115 பேர் 'உண்டு' என்றார்கள். சட்டைப்பையில் வைத்திருந்தவர்களுக்கு இது அதிகம். தசையின் சிறு துடிப்பையும் துணியின் உரசலையும் மூளை 'அழைப்பு' என்று முந்திக்கொண்டு படித்துவிடுகிறது. நோய் என்று பயப்பட வேண்டாம். மூளை அந்தப் பெட்டியை உடம்பின் கணக்கில் சேர்த்துவிட்டது, அவ்வளவுதான்.

● இழந்த கையில் வலி எடுக்கும் ஆட்களுக்கு ஒரு கண்ணாடியால் மருத்துவம் செய்தவர் நம்மவர். தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். இராமச்சந்திரன் 1990-களில் கண்ணாடிப் பெட்டியை அறிமுகப்படுத்தினார். இருக்கும் கையின் பிம்பம், இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி கண்ணாடி நிற்கும். இருக்கும் கையை விரித்தால், இல்லாத கையின் இறுகிய முட்டியும் விரிவதுபோல் பலருக்குத் தோன்றி வலி குறைந்தது. இதே இராமச்சந்திரன் 2003-இல் கேரி ஆர்மெலோடு சேர்ந்து ரப்பர் கைச் சோதனையை ஒரு படி மேலே கொண்டுபோனார். ரப்பர் கை இல்லாமல் வெறும் மேசையை வருடினாலே, மேசை தன் உடம்பு என்று சிலருக்குத் தோன்றியது. மேசையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைச் சரக்கென்று பிய்த்தபோது அவர்கள் தோல் வேர்த்தது!

● ரப்பர் உண்மையிலேயே காலான கதை ஜெய்ப்பூருடையது. கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி. கே. சேத்தியும் 1960-களின் இறுதியில் உருவாக்கிய ஜெய்ப்பூர் கால், ரப்பரை வார்த்துச் செய்தது. செருப்பில்லாமல் நடக்கலாம், சம்மணமிட்டு உட்காரலாம், வயலில் இறங்கலாம்.

● வழிகாட்டும் செயலியை வாழ்நாளில் அதிகம் நம்பியவர்களுக்கு, அது இல்லாமல் வழி கண்டுபிடிக்கும் நினைவு குறைவாக இருந்ததாகக் கனடாவில் 2020-இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. லண்டன் டாக்சி ஓட்டுநர்கள் நகரின் ஆயிரக்கணக்கான தெருக்களை மனப்பாடம் செய்வதால், அவர்கள் மூளையில் வழிநினைவுக்கான பகுதியின் பின்புறம் பெருத்திருந்ததை 2000-இல் கண்டிருந்தார்கள். ஈப்போவில் வாழ்கிறவர்களுக்குச் சுண்ணாம்புக்கல் மலைகளே போதுமான அடையாளம். வாரத்தில் ஒருமுறையாவது செயலியை அணைத்துவிட்டு மலையைப் பார்த்து ஓட்டுங்கள்.

● மைக்காட் அடையாள அட்டை 2001-இல் வந்தது. அதன் சில்லில் இரண்டு கட்டைவிரல் ரேகைகளும் பதிந்திருக்கின்றன. அரசு அலுவலகத்திலும் வங்கியிலும் விரலை வைத்தால் கதவு திறக்கும். ஆனால் ஆயுள் முழுக்கக் கையால் உழைத்தவர்களின் ரேகை தேய்ந்திருக்கும், கருவி அதைப் படிக்கத் திணறும். இது உலகம் முழுக்கத் தெரிந்த சிக்கல். உழைத்துத் தேய்ந்த விரலை 'மறுபடி வையுங்கள், மறுபடி வையுங்கள்' என்று கேட்கும் முகப்பில், தேய்ந்தது ஏன் என்று யோசிக்கும் ஓர் ஊழியர் இருந்தால் அந்த மூத்தவரின் மனம் எவ்வளவு ஆறும்!

● 2020-இல் கோவிட் காலத்தில் மைசெஜாத்ரா செயலி வந்தபோது, கடைக்குள் நுழையவே கைப்பேசி வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. அது இல்லாதவர்கள் வாசலில் வைத்த நோட்டில் பெயர் எழுதினார்கள். நோய்த்தொற்று ஓய்ந்தது, ஆனால் அந்தப் போக்கு ஓயவில்லை. மருத்துவச் சந்திப்பு, உதவித்தொகை விண்ணப்பம், மின்கட்டணம் எல்லாம் திரைக்குள் போய்க்கொண்டிருக்கின்றன. தோட்டத்து லயத்தை விட்டு ஈப்போவின் அடுக்குமாடிக்கும் தாமானுக்கும் வந்த நம் பெரியவர்களுக்கு, கையோடு கலந்திருந்த கத்தி போய்விட்டது, கையோடு கலக்காத கண்ணாடிச் சில்லு ஒன்று வந்திருக்கிறது. 'வயசான காலத்துல இதெல்லாம் எதுக்கு' என்று அவர்கள் சொல்வதைக் கேட்டு நாமும் அப்படியே விட்டுவிடுகிறோம். இருட்டில் ஒரு மில்லிமீட்டர் கணக்கில் பட்டை சீவிய விரல்களுக்கு இந்தத் திரை எம்மாத்திரம்? அவர்களிடம் குறைவது திறமை இல்லை. பழகுவதற்கான நேரமும், பொறுமையாகப் பக்கத்தில் உட்காரும் ஆளும்தான் குறைவு.

● குரங்கு வாரியைச் சும்மா பிடித்திருந்தபோது மூளை மாறவில்லை என்று படித்தீர்கள் அல்லவா? பாட்டியோ தாத்தாவோ கைப்பேசியை நீட்டி 'இத கொஞ்சம் பாத்துக் குடு' என்றால் நாம் என்ன செய்கிறோம்? வாங்கி, நான்கு தட்டு தட்டி, முடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். அவர்கள் கை எதையும் கற்பதில்லை. அடுத்த முறை வாங்காதீர்கள். எழுத்தின் அளவைப் பெரிதாக்குங்கள், மொழியைத் தமிழுக்கு மாற்றுங்கள், பக்கத்தில் உட்காருங்கள். அவர்கள் விரலே தட்டட்டும். தவறினால் மறுபடியும் அவர்களே தட்டட்டும்.